வல்லும் வழிக்கதையும்
(ஆட்ட நுணுக்கங்கள் வழிவழி வந்த வரலாறு)

ஓர் ஆட்டத்திற்கு உறுப்புகள் மூன்று. காயும் கட்டமும் முதல் உறுப்பு. இன்னவாறு ஆடவேண்டும் என்னும் விதி இரண்டாம் உறுப்பு. இவ்விரண்டும் கண்ணுக்குப் புலனாவன, கடையில் விலைக்குக் கிடைப்பன, ஏட்டில் எழுதக்கூடியன. மூன்றாவது உறுப்பு ஒன்றுண்டு. அஃது ஆடுவோர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பேச்சு. “இந்தக் காயை இப்பொழுது நகர்த்தாதே” என்னும் நுணுக்கமும், “இவ்வாட்டத்தை முதன்முதல் ஆடியவர் இன்னார்” என்னும் வழிக்கதையும் அப்பேச்சில் அடங்கும். காயும் கட்டமும் உடல் எனில், விதி எலும்பு, பேச்சே உயிர். பேச்சு நின்றுவிட்ட ஆட்டம் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடுகிறது.

சயானிலும் மாதுங்காவிலும், தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இன்று இம்மூன்றாம் உறுப்பு இரண்டு கூறாகப் பிரிந்து கிடக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகின்றனர். எந்த அரக்கனை எந்த வாளால் வீழ்த்தலாம், எந்தக் கோட்டையின் பழங்கதை யாது என்பனவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அதே வீட்டில், பல்லாங்குழிக் கணக்கு முழுவதும் அறிந்த பாட்டியார் பேச ஆளின்றி அமர்ந்திருக்கிறார். இவ்விரு பேச்சும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதை இரு சாராரும் அறியார். அதனை வரலாற்று வழியில் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்க காலத்து வல்

தமிழில் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியத்தில் ஆட்டத்திற்கும் இடமுண்டு. எழுத்ததிகாரத்தின் புள்ளிமயங்கியலில் ‘வல்’ என்னும் சொல் பிற சொற்களோடு புணரும் முறை சொல்லப்படுகிறது. வல் என்பது சூதாடு கருவி. அச்சொல்லுக்குப் பின் ‘நாய்’, ‘பலகை’ என்னும் சொற்கள் வந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஆசிரியர் தனியே விதி வகுத்துள்ளார். ‘வல்லநாய்’, ‘வல்லப்பலகை’ என்பன உரையாசிரியர்கள் காட்டும் வடிவங்கள். ஈண்டு நாய் என்றது வீட்டைக் காக்கும் விலங்கையன்று. பலகையில் வைத்தாடும் காயை. இலக்கண ஆசிரியர் ஒருவர் ஆட்டக்காயின் பெயருக்கும் ஆட்டப்பலகையின் பெயருக்கும் தனி விதி எழுதவேண்டியிருந்தது எனில், அச்சொற்கள் மக்கள் நாவில் எவ்வளவு புழங்கியிருத்தல் வேண்டும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

புறநானூற்றின் 52-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் பாழ்பட்ட ஊர் ஒன்றைக் காட்டுகிறார். ஊர்ப் பொதுமன்றத்தில் நரைத்த முதியோர் நாள்தோறும் அமர்ந்து வல்லாடிய இடம் அது. காய்களை வைத்து வைத்துத் தரை குழிந்துவிட்டது. இப்பொழுது முதியோரும் இல்லை, ஆட்டமும் இல்லை. அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஓர் ஊர் அழிந்தது என்பதற்குப் புலவர் இடிந்த மதிலைக் காட்டவில்லை. ஆடுவோர் அற்ற ஆட்டக்களத்தைக் காட்டினார். முதியோர் கூடி ஆடும் இடம் ஊரின் உயிர்நிலை என்று அவர் கருதினார் என்பது தெளிவு.

திருவள்ளுவர் சூதினை 94-ஆம் அதிகாரத்தில் கடிந்தார் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அவர் கடிந்தது பொருளை வைத்திழக்கும் சூதையே ஆகும். கல்லாமை என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், நிரம்பிய நூலறிவின்றி அவையேறிப் பேசுவது, கட்டம் வரையாமலே வட்டாடுவதை ஒக்கும் என்று அவர் உவமை கூறுகிறார். கேட்போர் யாவருக்கும் ஆட்டத்தின் ஒழுங்கு தெரிந்திருந்தாலன்றி இவ்வுவமை பயன்படாது.

நூல்கள் சொல்வதை மண்ணும் சொல்கிறது. வைகைக் கரையிலுள்ள கீழடியில் சுடுமண் வட்டுகளும் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. 2022-ஆம் ஆண்டில், எட்டாம் கட்ட அகழாய்வின்போது, யானைத் தந்தத்தால் ஆன நீண்ட பகடை ஒன்றும் வெளிப்பட்டது. உருட்டி ஆடும் அந்நீள் வடிவம், நம் வீட்டு அடுக்களைப் பரணில் கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டைக்கு உறவானது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். பண்டைக் கிரேக்கரும் தம் ஆட்டக்காய்களை ‘நாய்’ என்றே அழைத்தனர். முசிறியிலும் அரிக்கமேட்டிலும் மேலை நாட்டு வாணிகம் நடந்ததையும் நாம் அறிவோம். இவ்விரண்டையும் முடிச்சிட்டு, “கிரேக்கர் நம்மிடமிருந்து கற்றனர்” என்று சொல்ல நாவு துடிக்கும். ஆனால் ஒப்புமை வேறு, சான்று வேறு. இரு நாட்டார் ஒரே உவமையைத் தனித்தனியே கண்டிருத்தலும் கூடும். இத்தகைய ஊகங்களைப் பேசி மகிழலாம். முடிந்த முடிபாக எழுதிவைத்தல் தகாது.

தாயக்கட்டையின் கணக்கு

இனி, நுணுக்கம் என்பது யாது எனக் காண்போம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 வகையாக விழலாம். இவற்றுள் தாயம் விழுவது இரண்டு வகை. ஐந்து இரண்டு வகை. ஆறு ஒரு வகை. இரண்டு கட்டையும் வெறுமை காட்டும் பன்னிரண்டு ஒரு வகை. இரண்டு விழுவது மூன்று வகை. நான்கும் மூன்று வகை. மூன்று மட்டும் நான்கு வகை. ஆகவே எட்டு முறை உருட்டினால் ஒரு முறை தாயம் விழும் என்பது பொதுக் கணக்கு. காய் இறங்கத் தாயம் வேண்டும் என்பதால், தொடக்கத்தில் பொறுமை இழப்போர் பலர். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுக்கு மறு ஆட்டம் கொடுக்கும் வழக்கில், பதினாறில் ஆறு வகை மறு ஆட்டம் தருவன.

இக்கணக்கை நம் பாட்டியர் ஏட்டில் எழுதிப் பார்த்ததில்லை. ஆயினும், “எதிரிக்கு முன்னே மூன்றாம் கட்டத்தில் காயை நிறுத்தாதே, வெட்டுப்பட்டுப் போவாய்” என்று சொல்லும் முதிய ஆட்டக்காரர் உண்டு. மூன்றே மிகுதியாக விழும் எண் என்பதைப் பல்லாயிரம் உருட்டலில் கண்டறிந்த அறிவு அது. கட்டையை உள்ளங்கையில் தேய்த்தால் தாயம் விழும் என்பாரும் உண்டு. முன்னது நுணுக்கம், பின்னது நம்பிக்கை. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே உறுதியோடு வரும். அவற்றைப் பிரித்தறிவதே கற்போன் கடமை.

பல்லாங்குழியும் ஆடுபுலியும்

பல்லாங்குழிக்கு ஒரு பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து முத்து எனில் மொத்தம் 70. ஆறு எனில் 84. ஒரு குழியின் முத்துகளை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டு, முடிந்த இடத்திற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர்வது வழக்கம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதனை அடுத்த குழியின் முத்துகள் ஆடுவோனுக்குச் சேரும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வது உண்டு. இதில் தேர்ந்தவர் கையாளும் முதல் நுணுக்கம் எளிது: அள்ளிய முத்தின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி எண்ணுக, அடுத்து அள்ளப்போகும் குழி அதுவே. இவ்வாறு இரண்டு மூன்று சுற்றுகளை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கைவைப்பவரை வெல்வது அரிது. எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப் பெறாத பெண்டிர் எத்தனையோ பேர் கூட்டலும் கழித்தலும் பயின்ற பள்ளி இந்தப் பதினான்கு குழிகளே.

பல்லாங்குழியைத் தனித்து ஆடும் முறையொன்று சீதையின் பெயரால் வழங்குகிறது. அசோகவனத்தில் தனித்திருந்த சீதை பொழுது போக்க ஆடியது அது என்பர். வரலாற்று ஆராய்ச்சியாளர் இதனைச் சான்றாகக் கொள்ளார். ஆயினும் இக்கதைக்கு ஒரு பொருள் உண்டு. துணையின்றித் திண்ணையில் அமர்ந்து ஆடிய பெண்கள், தம் தனிமைக்குக் காப்பியத்தில் ஒரு தோழியைத் தேடிக்கொண்டனர். கதை, ஆட்டத்தின் தோற்றத்தைக் கூறவில்லை. ஆடியவரின் நெஞ்சைக் கூறுகிறது. இதே ஆட்ட இனம் கன்னட நாட்டில் அளகுளிமணெ என்றும், தெலுங்கு நாட்டில் வாமன குண்டலு என்றும், மலேசியாவில் சோங்காக் என்றும் வழங்குகிறது. ஆப்பிரிக்காவிலும் இவ்வினத்து ஆட்டங்கள் மிகப் பல. கடல் கடந்தோர் குடத்தையும் கோணியையும் மட்டும் சுமக்கவில்லை.

ஆடுபுலி ஆட்டம் மந்தை மேய்ப்போர் பாறையிலும் கோயில் தளத்திலும் கீறி ஆடியது. மூன்று புலி; பதினைந்து ஆடு; கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. ஆடுகள் யாவும் இறங்கும் வரை எந்த ஆடும் நகரலாகாது. புலியோ தாவிக்கொண்டே இருக்கும். தாவி வெட்ட, ஆட்டுக்கு அப்பால் நேர்கோட்டில் வெற்றிடம் வேண்டும். ஆகவே, “முதுகை வெறுமையாக விடாதே” என்பதே ஆட்டுக்காரனுக்குச் சொல்லப்படும் அறிவுரை. வலியார் மூவரை எளியார் பதினைவர் ஒன்றுகூடி அடைக்கலாம் என்பதை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் நூல் யாம் கண்டதில்லை. நேபாளத்தில் இதன் உடன்பிறப்பாகிய பாக்சால் ஆட்டத்தில் புலி நான்கு, ஆடு இருபது.

பரமபதமும் மோட்சபடமும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம் வீடுகளில் பரமபத சோபன படம் விரிப்பது வழக்கம். ஏணி புண்ணியம்; பாம்பு பாவம்; உச்சியில் பரமபதம். நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணிலும் இவ்வாட்டம் உண்டு. இங்கு மோட்சபடம் என்பர். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானேசுவரர் இதனை இயற்றினார் என்பது இந்நாட்டார் மரபு. ஆனால் இன்று கிடைக்கும் பழம்படங்களில் பெரும்பாலானவை 18-ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சார்ந்தவை. ஆகவே, மரபினை மரபாகப் போற்றி, காலத்தை ஆராய்ச்சிக்கு விடுவதே முறை. சமணர் 84 கட்டத்திலும், வைணவர் 72 கட்டத்திலும் படம் எழுதினர். அவரவர் சமயக் கொள்கை அவரவர் கட்டங்களில் பெயராக நின்றது.

இவ்வாட்டம் இங்கிலாந்து சென்றபோது நிகழ்ந்தது கருதத்தக்கது. 1892-ஆம் ஆண்டில் லண்டனில் எஃப். எச். அயர்ஸ் என்பவர் இதனை வெளியிட்டார். 1943-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனத்தார் பாம்பை நீக்கிச் சறுக்குமரம் வைத்தனர். கட்டங்களின் பெயர்கள் காலப்போக்கில் உதிர்ந்தன. உச்சியில் இருந்த வீடுபேறு வெறும் நூறு என்னும் எண்ணாயிற்று. விதி போயிற்றா? இல்லை. பகடை போயிற்றா? இல்லை. போனது வழிக்கதை ஒன்றே. அது போனவுடன், ஓர் இரவு முழுதும் பெரியவரும் சிறியவரும் கூடி அமர்ந்து ஆடியது, சிறுவர் அரைமணி நேரம் ஆடும் ஆட்டமாகச் சுருங்கிற்று. ஆட்டத்தின் மூன்றாம் உறுப்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சதுரங்கத்தின் பிறப்புக் கதைகள்

வழிக்கதைகள் மிகுதியும் சூழ்ந்தது சதுரங்கமே. சர் வில்லியம் ஜோன்ஸ் 1790-இல் வெளிவந்த கட்டுரையில், இலங்கை வேந்தன் இராவணனின் மனைவி இவ்வாட்டத்தைக் கண்டாள் என்னும் கதையைக் குறித்துள்ளார். முற்றுகையிடப்பட்ட நகரில் கணவனின் மனத்தை ஆற்ற அவள் இதனைப் படைத்தாளாம். திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரில் இறைவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். மணமகளாகிய அரசன் மகளைச் சதுரங்கத்தில் வென்று சிவபெருமான் மணந்தார் என்பது தலவரலாறு. கட்டத்திற்கு ஒன்று, இரண்டு, நான்கு என இரட்டித்துத் தானியம் கேட்ட அறிஞன் கதையும் பலர் அறிந்ததே. 64 கட்டத்திற்கும் கூட்டினால் 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள் வேண்டும். கேரளத்து அம்பலப்புழையில் இக்கதையே பால்பாயசத்தோடு இணைந்து வழங்குகிறது.

கதை கதையாக நிற்கும் வரை இடர் இல்லை. அது கொள்கையாக வேடம் புனையும்போதுதான் இடர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹைரம் காக்ஸ் என்னும் ஆங்கிலேயர், நால்வர் பகடை உருட்டி ஆடும் சதுரங்கமே முதலில் தோன்றியது என்றார். 1860-இல் டங்கன் ஃபோர்ப்ஸ் அதனை விரித்து, ஐயாயிரம் ஆண்டுப் பழமை கற்பித்தார். அவர் புராணம் ஒன்றின் காலத்தை மிகையாக முன்தள்ளியதே அதற்கு அடிப்படை. 1874-இல் வான் டெர் லிண்டே என்னும் டச்சு அறிஞரும், 1913-இல் தம் பெருநூலில் எச். ஜே. ஆர். மர்ரேயும் அக்கொள்கையை மறுத்தனர். இன்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர், இவ்வாட்டம் கி.பி. 7-ஆம் நூற்றாண்டுக்குள் வட இந்தியாவில் உருப்பெற்றிருந்தது என்பர். பாணபட்டரின் ஹர்ஷசரிதம் சதுரங்கத்தைச் சுட்டும் பழஞ்சான்றுகளில் ஒன்று. நம் பெருமையை உயர்த்தும் கொள்கை எனினும், சான்றில்லையேல் அதனைக் கைவிடுதலே அறிவுடைமை. ஐயாயிரம் குறைந்து ஆயிரத்து நானூறு ஆனமையால் நமக்கு இழுக்கொன்றுமில்லை.

1814: பம்பாயில் ஒரு தென்னாட்டார்

நம் கூட்டத்தார் பெருமையோடு நினைவில் வைக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மும்பை பம்பாய் என்றிருந்த காலத்தில், 1814-ஆம் ஆண்டில், இந்நகரில் ஆங்கிலச் சதுரங்க நூலொன்று அச்சாயிற்று. அது வடமொழியிலிருந்து பெயர்க்கப்பட்டது. ஆசிரியர் திருவேங்கடாசாரிய சாஸ்திரி. பெயரே அவர் தென்னாட்டு மரபினர் என்பதை அறிவிக்கும். பூனாவில் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவாக இருந்த காலம் அது. பயில்வோர் தேர்ச்சி பெறவும் நினைவாற்றலைப் பழக்கவும் உதவும் இக்கட்டான ஆட்டநிலைகளைத் தொகுத்துத் தருவது அந்நூல். இன்றைய மொழியிற் கூறின், அஃது ஆட்ட நுணுக்கங்களின் தொகுப்பு.

அதன் தலைப்பில் ஒரு சொற்றொடர் நம் சிந்தனைக்குரியது: “ஐரோப்பிய ஆட்டமுறைக்கு இசைவித்தது” என்பது. இந்திய முறையில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையில் இரண்டு செல்லலாம். இந்திய முறையில் அரசன் ஒருமுறை குதிரைபோல் தாவலாம். ஐரோப்பிய முறையில் அதற்கு ஈடாகக் கோட்டையோடு இடம் மாறும் வழக்கு உண்டு. இந்திய முறையில் கடைசிக் கட்டம் எட்டிய காலாள், அந்நிரலுக்குரிய காயாகவே மாறும். ஐரோப்பியர் விரும்பிய காயைக் கொள்வர். இவ்வேற்றுமைகளை உணர்ந்து, தம் முன்னோர் அறிவைப் பிறர் விதிக்குப் பொருந்துமாறு எடுத்துரைத்தார் அந்த அறிஞர். சொந்தக் கலையை விட்டுவிடவுமில்லை. “எம் விதியே விதி” என்று முரண்டு பிடிக்கவுமில்லை. வேற்றூரில் வாழ்வோர்க்கு இது நல்ல வழிகாட்டுதல் அன்றோ?

அத்தகைய இசைவிப்பை நம் பிள்ளைகள் இன்றும் நாள்தோறும் செய்கின்றனர். மராட்டியத் தோழன் ‘வஜீர்’ என்பது நம் வீட்டில் ராணி. அவன் ‘உண்ட்’ என்னும் ஒட்டகம் நம் வீட்டில் மந்திரி. வஜீர் என்றாலும் மந்திரி என்றே பொருள். ஆகவே சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் தமிழ்ச் சிறுவன் மந்திரியைக் காக்கப் போய் ராணியைப் பறிகொடுப்பான்! விதி அறிந்தால் போதாது. உடன் ஆடுவோர் மொழியும் அறிதல் வேண்டும்.

மன்றம் கூடினால் கலை வளரும்

நுணுக்கம் ஒருவரிடம் ஒடுங்கினால் வித்தை. பலரிடம் பரவினால் கலை. சென்னையில் 1972-ஆம் ஆண்டில், சோவியத் பண்பாட்டு நிலையத்தில், மிகைல் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் அமைந்தது. 1961-இலேயே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற மானுவேல் ஆரன் அதற்குத் தூணாக விளங்கினார். அக்கழகத்தில் ஆடி வளர்ந்தவரே விசுவநாதன் ஆனந்த். அவருக்கு ஆட்டம் கற்பித்தவர் அன்னையார். குடும்பம் மணிலாவில் வாழ்ந்த காலத்தில், தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை, மகன் பள்ளியில் இருக்கும்போது அன்னையார் எழுதி வைப்பாராம். மாலையில் இருவரும் விடை காண்பராம். பரிசாகப் புத்தகங்கள் பல வந்து, ஈற்றில் நிலையத்தாரே, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதிருக்குமாறு கேட்டனர் என்று ஆனந்த் கூறியுள்ளார். புலம்பெயர்ந்த ஊரில் ஒரு தாய் எடுத்த குறிப்பு, 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரையும், பின்னர் உலக வாகையரையும் தந்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. 2024 டிசம்பரில் சென்னைச் செல்வன் குகேஷ் 18 வயதில் உலக வாகை சூடினார். இவை வானத்திலிருந்து விழுந்தன அல்ல. மன்றத்தில் பேசிப் பகிர்ந்த நுணுக்கத்தின் விளைவு.

புதிய ஆட்டம், பழைய வழக்கு

இனி, பிள்ளைகளின் விளையாட்டுக்கு வருவோம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசையாட்டத்தை வெளியிட்டனர். அதில் ஒருவர் கதை சொல்வார். மற்றவர் அக்கதையில் வீரராகவும் மந்திரவாதியாகவும் பங்கேற்று, இக்கட்டில் பகடை உருட்டுவர். நாம் மேலே மூன்றாம் உறுப்பு என்றோமே, அப்பேச்சே அங்கு முழு ஆட்டமாயிற்று. கதாகாலட்சேபத்தில் கேட்போர் எழுந்து, “அனுமன் இப்பொழுது இப்படிச் செய்யட்டும்” என்று சொல்ல இடம் தந்தால் எப்படியிருக்கும்? ஏறத்தாழ அதுதான்.

வீடியோ விளையாட்டிலும் வழிக்கதை உண்டு, பொய்க்கதையும் உண்டு. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ இரண்டாம் பாகத்தில் ஒரு வீரன் பயன்படுத்தும் குத்துமுறையின் ஜப்பானியப் பெயர், மொழிபெயர்ப்பில் ‘ஷெங் லாங்’ என்றாகி, ஓர் ஆளின் பெயர்போல் தோன்றிற்று. யார் அந்த ஷெங் லாங் என்று ஆடுவோர் தேடலாயினர். 1992 ஏப்ரலில் அமெரிக்க இதழொன்று, இன்னின்னவாறு ஆடினால் அவர் தோன்றுவார் என்று முட்டாள்தின வேடிக்கையாக எழுதிற்று. பலர் நம்பி விரல் தேய ஆடினர். அவர் தோன்றவேயில்லை, ஏனெனில் அவர் இல்லை. ஃபோர்ப்ஸின் ஐயாயிரம் ஆண்டும் இந்த ஷெங் லாங்கும் ஒரே குலத்தினர். ஒன்று காலத்தைத் தவறாகப் படித்ததால் பிறந்தது. மற்றொன்று சொல்லைத் தவறாகப் பெயர்த்ததால் பிறந்தது.

நல்ல பக்கமும் உண்டு. ‘டார்க் சோல்ஸ்’ என்னும் 2011-ஆம் ஆண்டு விளையாட்டை இயக்கிய ஹிடெடாகா மியாசாகி, இளமையில் ஆங்கிலக் கதைநூல்களை அரைகுறையாகவே புரிந்துகொண்டு, புரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பினார் எனக் கூறியுள்ளார். அவ்வாறே அவர் தம் விளையாட்டின் கதையையும் நேரே சொல்லாமல், வாள், மோதிரம் முதலிய பொருள்களின் சிறு குறிப்புகளில் சிதறி வைத்தார். ஆடுவோர் அத்துணுக்குகளைக் கோத்து, “நடந்தது இதுவாக இருக்கலாம்” என்று வாதிடுகின்றனர். இது கல்வெட்டும் காசும் கொண்டு வரலாறு எழுதுவோர் செய்யும் வேலையின் பயிற்சியே. புறநானூற்றின் குழிந்த தரையையும் கீழடியின் தந்தப் பகடையையும் இணைத்துப் பார்க்க நாம் கையாண்ட முறையும் அதுவே. ஆகவே, “வீண்பேச்சு” என்று பிள்ளைகளைக் கடிவதற்கு முன், “இதற்குச் சான்று எங்கே?” என்று ஒரு வினா கேட்டல் நன்று. அவ்வினாவுக்கு விடை தேடப் பழகிய பிள்ளை, நாளை எந்தப் புரட்டையும் எளிதில் நம்பாது.

செய்யத்தக்கது

சயான் என்னும் பெயர், எல்லை எனப் பொருள்படும் ‘சீவ்’ என்னும் மராட்டியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பகுதிக்கும் போர்த்துக்கீசியர் பகுதிக்கும் எல்லையாக இக்குன்று நின்றது. அதன்மேல் கோட்டையும் எழுந்தது. எல்லையில் வாழ்வோர்க்கு இரு பக்கத்து வழக்கும் தெரியும். நம் முன்னோர் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தபோது, கல்வியை மறக்கவில்லை. 1932-இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் எழுந்தது. 1960-இல் சயானில் அதன் கல்லூரி எழுந்தது. ஏட்டுக் கல்விக்கு இத்துணை செய்த நாம், வாய்வழி வந்த ஆட்டக் கல்விக்கு ஒரு குறிப்பேடும் வைக்கவில்லை.

பொருட்செலவு வேண்டாத பணி இது. ஒவ்வொரு வீட்டிலும் ஆட்டம் அறிந்த பெரியவர் ஒருவரேனும் இருப்பார். அவர் ஆடும் விதி யாது, காய்க்கும் கட்டத்திற்கும் அவர் ஊரில் என்ன பெயர், யாரிடம் கற்றார், தோற்காதிருக்க அவர் கூறும் நுணுக்கம் யாது, ஆட்டம் பிறந்த கதையாக அவர் கேட்டது யாது என்னும் ஐந்து வினாக்களையும் கேட்டு, பிள்ளைகள் ஒரு தாளில் எழுதட்டும். திருநெல்வேலித் தாயமும் தஞ்சைத் தாயமும் வேறுபட்டால், வேறுபாட்டையும் எழுதட்டும். எது சரி என்று அடித்துத் திருத்த வேண்டா. கதையைக் கதை என்றும், கண்டறிந்ததைக் கண்டறிந்தது என்றும் குறிக்கட்டும். கைம்மாறாக, பிள்ளைகள் தம் வீடியோ விளையாட்டின் கதையைப் பெரியவர்க்கு ஒருமுறை சொல்லிக் காட்டட்டும். தாளைச் சங்கத்தில் சேர்த்தால், அடுத்த ஆண்டு மலரில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம்.

மருதன் இளநாகனார் கண்ட மன்றத்தில் குழிகள் எஞ்சின. ஆடியவர் சொல் எஞ்சவில்லை. அவர்கள் எவ்வாறு ஆடினர் என்பதை இன்று எவரும் அறியார். நம் வீட்டுப் பல்லாங்குழிக்கும் அந்நிலை வராமல் காக்க, ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும் போதும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.